காதால் பார்க்கும் விண்வெளி

2008 செப்டம்பர் 10, புதன்கிழமை. சுவிட்சர்லாந்தும் பிரான்சும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், தரைக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்துக்குள் முதன்முதலாகப் புரோட்டான் கற்றை முழுச் சுற்று சுற்றி வந்தது. சென்னைக் கடற்கரை நிலையத்தில் தொடங்கித் தாம்பரத்தில் முடியும் மின்சார ரயில் பாதையை வட்டமாக வளைத்தால் கிட்டத்தட்ட அந்த அளவுதான் வரும். கருந்துளை உண்டாகும், உலகம் அதற்குள் போய்விடும் என்ற பயம் அந்த வாரம் நம் ஊர் டீக்கடை வரை வந்திருந்தது.

அன்று நம் கடிகாரப்படி மாலை ஆறே முக்கால். அலுவலகம் விட்டு வருகிறவர்களை அடைத்துக்கொண்டு தாம்பரம் வண்டிகள் கிளம்பும் நேரம். லண்டனில் பிற்பகல் இரண்டே கால். பி.பி.சி. ரேடியோ 4 நாற்பத்தைந்து நிமிட நாடகம் ஒன்றை ஒலிபரப்பியது. பெயர் 'லாஸ்ட் சோல்ஸ்', எழுதியவர் ஜோசப் லிட்ஸ்டர். அந்த வளையம் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இறந்துபோனவர்களின் குரல்கள் கேட்கின்றன, விஞ்ஞானிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள், எந்திரத்தை முடுக்கும் நேரம் நெருங்குகிறது. துப்புத் துலக்கப் போகிறவர்கள் கேப்டன் ஜாக், க்வென், யாண்டோ, டாக்டர் மார்த்தா ஜோன்ஸ். 'டார்ச்வுட்' என்ற தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு இவர்கள் எல்லோரும் தெரிந்த முகங்கள். அதே நடிகர்கள்தான் வானொலியிலும் பேசினார்கள்.

கதை நடக்கும் இடமும் நமக்கு அந்நியமில்லை. 2004-ல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலை நிற்பது அதே செர்ன் வளாகத்தில்தான்.

திரையில் பிறந்த பாத்திரங்கள் திரையை விட்டு இறங்கி, முகம் இல்லாமல், வெறும் குரலாகப் போய் ஒரு விஞ்ஞானக் கதையை நடத்துகிறார்கள். அதுவும் உண்மையான விஞ்ஞானம் வரலாறு படைத்துக்கொண்டிருக்கும் அதே நாளில். படமாக எடுப்பதென்றால் அந்தச் சுரங்கத்துக்கு அரங்கு போட வேண்டும், வெளிச்சம் வேண்டும், கணினி வரைகலை வேண்டும். ஒலியில் அந்த 27 கிலோமீட்டரை ஓர் எதிரொலி கட்டி முடித்துவிடும்.

இதை எழுதக் காரணம் ஒரு நெடுநாள் ஆதங்கம். அறிவியல் புனைகதைக்கு ஒலி நாடகம் ஏழை வீடு அல்ல, பிறந்த வீடு. அந்த வீட்டைத் தமிழில் கட்டுவதற்கு வேண்டிய செங்கலும் சுண்ணாம்பும் பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவிலேயே கிடக்கின்றன. கட்டத்தான் ஆளில்லை.

சாவியும் பியானோ கம்பியும்

'டார்ச்வுட்' ஒரு கிளைத் தொடர். அதன் தாய் மரம் 'டாக்டர் ஹூ'. 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தத் தொடரின் முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசேன், லக்னோவில் பிறந்தவர், அப்போது இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. காலத்துக்குள் பயணம் செய்யும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசி, அவர் ஏறிச் செல்லும் பழைய போலீஸ் பெட்டி, அவ்வளவுதான் மூலதனம். பணம் குறைவு, அரங்கு சிறிது.

அந்தப் பெட்டி காலத்தைக் கிழித்துக்கொண்டு கிளம்பும் ஓசையை உலகம் முழுக்கப் பிள்ளைகள் இன்றும் வாயால் எழுப்பிக் காட்டுவார்கள். அதை உருவாக்கிய பிரையன் ஹாட்ஜ்சன் செய்தது இதுதான்: பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகள் மேல் வீட்டுச் சாவியை வைத்து இழுத்தார். அதைப் பதிவு செய்து, திருப்பி, நீட்டி, எதிரொலி சேர்த்தார். டாலெக் என்ற எதிரிகளின் கரகரத்த இயந்திரக் குரலும் அப்படி மின்னணுக் கருவி வழியாக ஒரு நடிகரின் குரலை அறுத்துச் செய்ததே. படம் ஆடிக் காட்டிய அட்டைச் சுவர்களை நிமிர்த்தி நிற்க வைத்தது ஒலிதான் என்று நான் நம்புகிறேன்.

பிறகு நடந்தது ஒரு துக்கம். 1960-களில் வந்த பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை அழிந்துபோயின. நாடாவைத் துடைத்து மறுபடி பயன்படுத்துவது அந்தக் காலத்து வழக்கம். மறு ஒளிபரப்பு, வீடியோ விற்பனை எல்லாம் யாரும் நினைத்துப் பார்க்காத காலம். ஆனால் படம் போனாலும் பேச்சு போகவில்லை. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் டேப் ரெக்கார்டரின் மைக்கை வைத்து, 'யாரும் பேசாதே' என்று குடும்பத்தை அடக்கி, ஒவ்வொரு பகுதியையும் பதிவு செய்து வைத்திருந்தார்கள் சில ரசிகர்கள். அவர்களால் அழிந்த பகுதிகள் அத்தனைக்கும் ஒலி மட்டும் முழுமையாக இன்று இருக்கிறது. பின்னாளில் பி.பி.சி.யே அவற்றைத் தேடி வாங்கி, நடுநடுவே விளக்கக் குரல் சேர்த்து வெளியிட்டது. தொலைக்காட்சித் தொடர் ஒன்று தன் சொந்த வீட்டில் அழிந்து, நேயர்களின் காதில் பிழைத்தது.

1989-ல் தொடரே நின்றது. 1996-ல் பால் மெக்கான் நடித்த ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. அதுவும் தொடராக மலரவில்லை. டாக்டராக நடித்தவர்களில் எட்டாமவரான மெக்கானுக்கு ஒரே ஓர் இரவுதான் வாய்த்தது. அப்போது பிக் ஃபினிஷ் என்ற சிறிய நிறுவனம் உரிமம் வாங்கி, 1999 ஜூலையில் டாக்டராக முன்பு நடித்த மூவரைச் சேர்த்து முதல் ஒலி நாடகத்தைக் குறுந்தகட்டில் கொண்டு வந்தது. தொலைக்காட்சி கைவிட்ட தொடரைச் சிறு வயதில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களே கையில் எடுத்தார்கள்.

2001 ஜனவரியில் மெக்கானும் குரலாகத் திரும்பி வந்தார். அந்த முதல் கதை, 'ஸ்டார்ம் வார்னிங்', நடப்பது ஆர்101 என்ற ராட்சத வான்கப்பலில். உண்மையில் இருந்த கப்பல் அது. 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து அன்றைய இந்தியாவின் கராச்சியை நோக்கிக் கிளம்பி, பிரான்சில் விழுந்து எரிந்து, 48 பேரைப் பலி கொண்டது. இந்தியாவுக்கு வந்து சேராத அந்தக் கப்பலில் ஆண் வேடமிட்டு ஏறிய சார்லி பொல்லார்ட் என்ற பெண் டாக்டருக்குத் துணையாகிறாள். விபத்தில் இறந்திருக்க வேண்டியவள் அவள். காப்பாற்றியதால் காலமே கிழிகிறது. அந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கதை ஓடியது. (ஆர்101 விழுந்த அடுத்த ஆண்டுதான் நம் கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்து நினைத்தால் அந்தக் காலத்து வேகக் கனவு எப்படிப்பட்டது என்று புரிகிறது.)

காதுக்காக எழுதியது மறுபடி கண்ணுக்குப் போனதும் நடந்தது. 2003-ல் ராப் ஷியர்மன் எழுதிய 'ஜூபிலி' ஒலி நாடகத்தின் கருவை எடுத்துத்தான், தொலைக்காட்சித் தொடர் 2005-ல் மீண்டும் பிறந்தபோது 'டாலெக்' என்ற பகுதியை அவரையே எழுத வைத்தார்கள். ஒலி நாடகங்களில் டாலெக்குகளுக்குக் குரல் கொடுத்து வந்த நிக்கலஸ் பிரிக்ஸ்தான் தொலைக்காட்சியிலும் அந்தக் குரல் ஆனார். பின்னாளில் டாக்டராகப் புகழ்பெற்ற டேவிட் டென்னண்ட், அதற்கு முன் ஒலி நாடகங்களில் வேறு வேடங்களில் பேசியவர்.

எனக்கு மிகவும் பிடித்தது 2013-ல் நடந்தது. தொடரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி வந்த ஏழு நிமிடக் குறும்படத்தில் மெக்கான் பதினேழு வருடம் கழித்து மீண்டும் முகம் காட்டினார். சாகும் தறுவாயில் தன் தோழர்களின் பெயர்களைச் சொல்லி விடைபெறுகிறார். சார்லி, க்ரிஸ், லூசி, டாம்சின், மாலி. ஐந்து பேருமே திரையில் ஒரு கணமும் தோன்றாதவர்கள், ஒலி நாடகத்தில் மட்டுமே வாழ்ந்தவர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வந்த நேயர்களுக்கு அந்த ஐந்து பெயர்கள் என்ன செய்திருக்கும் என்பதை, வானொலி நாடகத்தில் வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

டெல்லி மாளிகையும் கானும்

'டார்ச்வுட்' வானொலி நாடகங்களில் ஒன்று நம் நாட்டிலேயே நடக்கிறது. 2009 ஜூலை முதல் வாரம் தொடர்ந்து மூன்று நாள் ஒலிபரப்பான மூன்றில் ஒன்று, ஜேம்ஸ் காஸ் எழுதிய 'கோல்டன் ஏஜ்'. வெள்ளைக்காரன் காலத்தில் டெல்லியில் இருந்து மூடப்பட்ட டார்ச்வுட் இந்தியா கிளை உண்மையில் மூடப்படவே இல்லை. ஒரு மாளிகைக்குள் எலினார் என்ற சீமாட்டியும் அவள் கூட்டமும் வயதே ஆகாமல், ராஜ்ஜியம் போனதையே ஒப்புக்கொள்ளாமல் வாழ்கிறார்கள். அந்தப் பொற்காலத்தைக் காப்பாற்றும் விலையாக வெளியே தெருவில் நடமாடும் சாதாரண டெல்லி மக்கள் கூட்டம் கூட்டமாக மறைந்துபோகிறார்கள்.

ஆங்கில எழுத்தாளர் ஒருவர் தன் நாட்டின் காலனி ஏக்கத்தையே பேயாக்கி எழுதிய கதை இது. அவர்களின் பொற்காலம் யார் உயிரில் எரிந்தது என்பதை நாற்பத்தைந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. குறையும் உண்டு. மறைந்துபோகும் டெல்லிக்காரர்களில் மனதில் நிற்கும் ஆள் என்று யாரும் இல்லை. கதை முழுக்க ஜாக்குக்கும் சீமாட்டிக்கும் இடையிலான பழைய காதலைச் சுற்றியே போகிறது. நம்மைப் பற்றிய கதையை நாம் எழுதாதவரை நாம் மறைகிறவர்களாகவே இருப்போம் என்று தோன்றியது.

கதையில் அந்த மாளிகையின் காலம் உறைந்துபோவது 1924-ல். நிஜத்தில் அதே 1924 ஜூலை கடைசியில்தான் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவில் வானொலிக்கு வழி திறந்த ஊர்களில் சென்னை முன்வரிசை.

இன்னொரு கதை அண்மையில் நடந்தது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் 1967-ல் வந்த கான் நூனியன் சிங் என்ற பாத்திரம் வட இந்தியர், அநேகமாகச் சீக்கியர் என்று கதையிலேயே சொல்லப்படுகிறது. நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மாண்டல்பான். 2013 திரைப்படத்தில் அதே பாத்திரம் பெனடிக்ட் கம்பர்பாட்சுக்குப் போனது. 2025 செப்டம்பரில் 'ஸ்டார் ட்ரெக்: கான்' ஒலி நாடகத் தொடராக வந்தபோது கானாகப் பேசியவர் நவீன் ஆண்ட்ரூஸ், லண்டனில் மலையாளிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தியப் பெயரைச் சுமந்த ஒரு பாத்திரத்துக்கு இந்திய வேர் உள்ள நடிகர் கிடைத்தது, முகமே தெரியாத வடிவத்தில். பாலைவனக் கிரகத்தில் நாடு கடத்தப்பட்ட ஒருவன் தலைவனாக இருந்து வெறி பிடித்தவனாக மாறும் நீண்ட வீழ்ச்சியை, திரையில் காட்டாமல் விட்ட அந்த ஆண்டுகளை, குரலை மட்டும் கொண்டு அந்தத் தொடர் ஒன்பது பகுதிகளில் கடக்கிறது.

நமக்குப் பழகிய காது

இதையெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. திரையைக் காதால் பார்ப்பதில் தமிழர்களை மிஞ்சியவர்கள் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணி நேரமாக்கி, பார்க்காத படத்தைப் பார்த்த நிறைவைக் கொடுத்தது அது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' வசனங்கள் இசைத்தட்டாகக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் முழங்கின. 1984-ல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வசனம் கேசட்டாக டீக்கடை தோறும் ஓடியது. அந்த வழக்கின் வாதப் பிரதிவாதத்தை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் பலர் படத்தைப் பார்க்காதவர்கள். எஸ்.வி. சேகரின் மேடை நாடகங்கள் கேசட்டில் விற்றுத் தீர்ந்தன. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடர் அத்தனை புகழ் பெற்று, 1976-ல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவே எடுக்கப்பட்டது. நம் காலத்தில் பாம்பே கண்ணன் 'பொன்னியின் செல்வ'னை முழு நாடகமாகப் பல குரல்களில் பதிவு செய்து கொடுத்தார். வந்தியத்தேவனின் குதிரைக் குளம்பொலியைக் காதால் பார்த்துக்கொண்டே சமைத்த வீடுகள் எத்தனையோ.

பழக்கம் இருக்கிறது. இல்லாதது விஞ்ஞானக் கதை.

அதற்கான விதையும் இங்கேதான், குரோம்பேட்டையில் இருக்கிறது. 1949-ல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் 1950-களில் இரண்டு பேர் படித்தார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் இருவரும். ஒருவர் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம். இன்னொருவர் மின்னணுவியல் படித்த எஸ். ரங்கராஜன். அவர்தான் சுஜாதா. ஒருவர் ராக்கெட் பக்கம் போனார். மற்றவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பின்னணியில் உழைத்துக்கொண்டே தமிழ் வாசகனுக்கு ரோபோவையும் லேசரையும் காலப் பயணத்தையும் அறிமுகம் செய்தார்.

அவருடைய 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கும் 2020-களைத்தான் அவர் அன்று எதிர்காலமாக வரைந்தார். மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெற அரசு அனுமதி, எத்தனை வயது வரை வாழலாம் என்பதும் அரசின் கையில், எங்கும் திரையில் தோன்றும் ஆட்சியாளன் ஜீவா. கணவனைத் தேடும் நிலா. அவளுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய், படித்துப் படித்துச் சிந்திக்கக் கற்றுக்கொள்ளும் நாய். விகடன் வாசகர்கள் ஜீனோவை விடவில்லை. 'மீண்டும் ஜீனோ' வந்தது.

அதன்பின் தமிழ்த் தொலைக்காட்சியில் விஞ்ஞானக் கதை வேர் பிடிக்கவில்லை. இந்தியில் தூர்தர்ஷன் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா'வும், 1998-ல் கேத்தன் மேத்தாவின் 'கேப்டன் வ்யோம்'மும் கொடுத்தது. தமிழில் மர்மத் தொடரும் பக்தித் தொடரும் குடும்பத் தொடரும் செழித்தன. காரணம் ரசனைக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரணம் செலவு. வாரம் ஆறு நாள் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒரு வீட்டு வரவேற்பறையைத் திரும்பத் திரும்பக் காட்டலாம், ஒரு விண்கலத்தைக் காட்ட முடியாது. மலிவாகக் காட்டினால் நேயர்கள் சிரிப்பார்கள். நம் கதைக்காரர்கள் அந்தச் சிரிப்புக்குப் பயந்தே விண்வெளிப் பக்கம் போகவில்லை.

ஒலியில் அந்தப் பயம் இல்லை. பிக் ஃபினிஷில் இரண்டு மணி நேரக் கதையைப் பெரும்பாலும் இரண்டே நாளில் பேசிப் பதிவு செய்துவிடுவார்கள். நடிகர்கள் தனித்தனிச் சிற்றறைகளில் நின்று, ஹெட்போனில் ஒருவரையொருவர் கேட்டபடி நடிப்பார்கள். அதன்பின் ஒலி வடிவமைப்பாளர் தனியாக உட்கார்ந்து வாரக்கணக்கில் உலகத்தைக் கட்டுவார். தாம்பரத்தில் ஒரு அறையும் கம்பளியால் மூடிய சுவரும் நல்ல மைக்கும் கணினியும் போதும். நூறு கோடி ரூபாய்ப் படத்தில் வரும் விண்கலமும் இந்த அறையில் பிறக்கும் விண்கலமும் காதுக்கு ஒன்றே.

திரிசூலம் தாண்டினால்

தெற்குப் புறநகரின் ஓசைகளை யாராவது கதைக்காகக் கேட்டதுண்டா என்று நான் யோசிப்பதுண்டு. பரங்கிமலை தாண்டியதும் தலைக்கு மேல் விமானம் இறங்கும் இரைச்சல், அதற்குக் கீழே அதே நேரத்தில் ரயிலின் தடதடப்பு. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள். கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டுக்குள் நுழைந்தால் ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் சட்டென்று அடங்கி, சருகும் மான் காலடியும். நன்மங்கலம் காட்டில் பாறை இடுக்கிலிருந்து கொம்பன் ஆந்தையின் ஆழ்ந்த கூவல். பள்ளிக்கரணைச் சதுப்பில் நாமக்கோழிகளின் சண்டை. உலகில் எந்த ஒலி வடிவமைப்பாளரும் இந்தக் களஞ்சியத்துக்கு ஆசைப்படுவார்.

கதையும் இங்கேயே கிடக்கிறது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மனிதக் கை செதுக்கிய பழைய கற்காலக் கைக்கோடரி அது. இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய மனிதனைப் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் கிளம்பியது. காலப் பயணக் கதைக்கு இதைவிட நல்ல ஊர் எது? தினமும் லட்சக்கணக்கானவர்கள் அந்த மண்ணின் மேல் ரயிலில் போய் வருகிறார்கள்.

ஒரு காட்சியை இப்படி எழுதிப் பார்க்கலாம்.

கடைசி லோக்கல். சக்கரங்களின் தாளம், பெட்டிக்குள் மின்விசிறியின் கிறீச்சொலி, யாரோ ஒரு பெண் போனில், "திரிசூலம் தாண்டியாச்சும்மா, கேட்டைப் பூட்டிடாதே" என்கிறாள். மேலே விமானம் நெருங்குகிறது, இரைச்சல் வளர்கிறது, உச்சிக்கு வந்ததும் பாதியில் அறுந்து நிற்கிறது. மின்விசிறி நிற்கிறது. சக்கரங்கள் மட்டும் ஓடுகின்றன, ஆனால் தாளம் மாறிவிட்டது. போனில் அம்மாவின் குரல் நின்று, அந்த இடத்தில் காற்று. அறிவிப்புப் பெண்ணின் பதிவுக் குரல் வழக்கம்போல் வருகிறது: "அடுத்த நிலையம்..." பெயர் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மீண்டும் "அடுத்த நிலையம்..." ஒன்றுமில்லை. வண்டி நிற்கிறது. வெகு தூரத்தில் கல்லோடு கல் மோதும் ஓசை. டொக். டொக். டொக். ஓசை நிற்கிறது. யாரோ நம்மைக் கேட்டுவிட்டார்கள்.

இந்தக் காட்சிக்கு ஒரு குன்றை வரையத் தேவையில்லை, ஆதி மனிதனுக்கு ஒப்பனை தேவையில்லை. பம்மலில் கேட்பவர் தனக்குத் தெரிந்த குன்றைப் பார்ப்பார். டொராண்டோவில் கேட்பவர் தான் விட்டு வந்த குன்றைப் பார்ப்பார்.

பழைய வானொலி நாடகங்களில் ஒரு வியாதி உண்டு. "ஐயோ, அதோ பார், மூன்று கண்ணுள்ள உருவம் நம்மை நோக்கி வருகிறதே!" என்று பாத்திரங்கள் தாம் பார்ப்பதை எல்லாம் ஒப்பிக்கும். பயந்தவன் அப்படிப் பேச மாட்டான். பயந்தவன் மூச்சை அடக்குவான், பக்கத்திலிருப்பவனின் கையைப் பிடிப்பான், "நகராதே" என்பான். எதைப் பார்த்து என்று கேட்பவனே கண்டுபிடிக்கட்டும். நல்ல ஒலி நாடகம் எழுதுவதென்பது முக்கால்வாசி எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவுதான். நம் தொலைக்காட்சித் தொடர் வசனகர்த்தாக்கள் இதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். அங்கே ஒவ்வொரு உணர்ச்சியும் மூன்று முறை சொல்லப்படுகிறது.

யார் தொடங்குவது

செயலிகளில் இன்று தமிழ் ஒலிக்கதைகள் ஏராளம். பத்து நிமிடப் பகுதிகளாக, பெரும்பாலும் ஒரே குரல் கதை சொல்ல, காதலும் பேயும் பழிவாங்கலுமாக ஓடுகின்றன. அவை நல்ல காரியம் ஒன்றைச் செய்திருக்கின்றன. பல்லாவரத்தில் ஏறி எழும்பூரில் இறங்கும் பெண்கள் பெட்டியில், காதில் செருகிய இயர்போனுக்குள் தினமும் ஒரு பகுதி கேட்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் நாடகம் என்பது ஒருவர் கதை சொல்வதல்ல. இரண்டு பேர் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது. அதற்குக் குரல் நடிகர்கள் வேண்டும், சென்னையில் அவர்களுக்குப் பஞ்சமா? வேற்று மொழிப் படங்களுக்கும் கார்ட்டூன்களுக்கும் பெயர் தெரியாமல் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும் டப்பிங் கலைஞர்கள் இங்கேதான் வாழ்கிறார்கள். தங்கள் பெயரோடு ஒரு சொந்தப் பாத்திரம் அவர்களுக்குக் கிடைக்கட்டும்.

ஒலிபரப்பவும் இடம் உண்டு. 2004-ல் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி கிளம்பியது அண்ணா பல்கலைக்கழகத்தில், அதே பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்தான் இன்று குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களிடம் ஒரு பருவம் கொடுங்கள். மின்னணுவியல் படிப்பவர்கள் ஒலியைக் கட்டட்டும், கிறிஸ்தவக் கல்லூரித் தமிழ்த் துறையினர் வசனம் எழுதட்டும். சுஜாதா படித்த வகுப்பறையிலிருந்து நிலாவின் குரல் வெளியே வரட்டும். தொலைக்காட்சித் தொடராக ஒருமுறை வந்த கதை ஒலி நாடகமாக மறுபிறவி எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான முகவரி தமிழ்நாட்டில் கிடையாது. உரிமை கேட்க வேண்டும், முறைப்படி பெற வேண்டும், எழுத்தாளரின் குடும்பத்துக்குரிய பங்கு போய்ச் சேர வேண்டும். பிக் ஃபினிஷும் அந்த வழியில்தான் நடந்தது.

அப்படி ஒருநாள் நடந்தால், முதல் கேள்வி ஜீனோவுக்கு யார் குரல் என்பதாக இருக்கும். திரையில் ஜீனோவைக் காட்ட ஓர் உருவம் தேவை, அந்த உருவம் பொம்மையாகத் தெரிந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. ஒலியில் அந்தச் சங்கடம் இல்லை, அதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. கீச்சுக் குரலோ கார்ட்டூன் குரலோ வேண்டாம் என்பேன். நடுத்தர வயதில், அவசரமில்லாமல், நிறையப் படித்த ஒருவரின் குரல் வேண்டும். முதல் வாரம் அந்தக் குரலை டாலெக்குகளுக்குச் செய்ததுபோல் கருவி வழியாக அறுத்து, உலோகமாக்கி ஒலிக்க வைக்கலாம். ஜீனோ ஒவ்வொரு புத்தகமாகப் படிக்கப் படிக்க, ஒலி வடிவமைப்பாளர் அந்த உலோகத்தை வாரத்துக்கு ஒரு இழையாகக் கழற்ற வேண்டும், யாருக்கும் தெரியாத அளவுக்கு மெல்ல. நிலாவின் குரலில் அதே வேகத்தில் களைப்பு ஏற வேண்டும். பதின்மூன்றாவது வாரம் இருவரும் இருட்டில் பேசிக்கொள்ளும் காட்சி வரும்போது, பேசுவது மனுஷியா இயந்திரமா என்று கேட்பவர் ஒரு கணம் தடுமாற வேண்டும்.